வீட்டுப் பாலிஸியில் தறி அடங்குமா?

சென்ற மாதம் நம் சங்க அங்கத்தினர் ஒருவர் தமது இன்ஷூரன்ஸ் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காரியாலயத்திற்கு வந்தார். வீடு கட்டுவதற்குக் கடன் வாங்கியபோது அதனுடன் சேர்த்து அந்தப் பத்திரத்தையும் கொடுத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளாக அது பெட்டிக்குள் கிடந்தது. ஐப்பசி மழை நெருங்கவே அவருக்கு ஒரு சந்தேகம் தோன்றிற்று. “வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் உண்டு என்று சொன்னார்கள். முன் அறையில் இருக்கும் தறியும், அதில் ஏற்றியிருக்கும் பாவும் இதில் அடங்குமா, ஐயா?” என்று கேட்டார்.

பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை நாம் வாசித்துப் பார்த்தோம். அவருடைய கட்டில், பீரோ, பாத்திரம், துணிமணி, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் அதில் அடங்கின. தறியைப் பற்றியோ நூலைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த வீட்டில் உள்ள பொருள்களில் அவருக்குச் சோறு போடுவது எதுவோ, அது பத்திரத்துக்கு வெளியே நின்றது.

இந்தச் சந்தேகம் அவர் ஒருவருடையது மட்டும் அன்று என்று நாம் கருதுகிறோம். உத்தியோகஸ்தருக்கு வீடு வேறு, வேலை செய்யும் இடம் வேறு. நெசவாளருக்கோ குடியிருக்கும் கூரையின் கீழேதான் தொழிற்கூடமும் இருக்கிறது. விவசாயிக்கு அதே கூரையின் கீழ் களஞ்சியம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பத்திரம் மட்டும் வீட்டை ஒரு கண்ணாலும் தொழிலை மற்றொரு கண்ணாலும் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தை அறியாமல் பத்திரத்தை நம்பியிருப்பது, பத்திரமே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. இல்லாதவர் எச்சரிக்கையாகவாவது இருப்பார்.

சாமான் என்பது எது?

இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம், 2021 ஏப்ரல் 1 முதல், குடியிருப்பு வீடுகளுக்கென ஒரே மாதிரியான பாலிஸி ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. அதன் பெயர் ‘பாரத் கிருஹ ரக்ஷா’. கம்பெனியின் பெயர் மாறினாலும் இதன் அடிப்படை ஷரத்துகள் மாறுவதில்லை. ஆகவே ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டால் போதும்.

இதில் கட்டடத்தை மட்டும் இன்ஷூர் செய்யலாம். சாமான்களை மட்டும் செய்யலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வழியுண்டு. கட்டடத்தையும் சாமான்களையும் சேர்த்து எடுப்பவருக்கு, கட்டடத்தின் தொகையில் நூற்றுக்கு 20 வீதம் பொதுச் சாமான்களுக்குத் தானாகவே ஈடு சேர்கிறது. இதற்கு உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். கட்டடம் 8 லட்சம் ரூபாய்க்கு இன்ஷூர் செய்யப்பட்டிருந்தால், சாமான்களுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரையில் ஈடு உண்டு. இதற்காகப் பட்டியல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் வேண்டுவோர், விவரம் கொடுத்துக் கூடுதல் பிரீமியம் செலுத்த வேண்டும்.

வீட்டின் கட்டடத்தோடு நிரந்தரமாகப் பொருத்தப்படாமல், வீட்டுக்குள் இருக்கும் பொருளே சாமான் எனப்படும். மேஜை, நாற்காலி, சமையல் சாதனங்கள், மின்சாரக் கருவிகள், உடைகள் முதலியவற்றை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரணமாக எல்லாக் குடும்பங்களிலும் புழங்கும் பொருள்களே இவை. பழைய பொருளுக்கு இன்று என்ன விலை கிடைக்கும் என்று பாராமல், அதேபோன்ற பொருளை மீண்டும் வாங்க என்ன செலவாகும் என்று பார்த்தே தொகையை நிச்சயிக்க வேண்டும்.

இந்தப் பாலிஸியில் உள்ள ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சாமான்களை 1 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்திருந்தாலும், 60 ஆயிரம் ரூபாய் நஷ்டம் ஏற்பட்டால், “நீர் பாதிக்குத்தானே எடுத்தீர்” என்று சொல்லி ஈட்டைப் பாதியாகக் குறைக்க இடமில்லை. 60 ஆயிரத்தையும் கோரலாம். வேறு பல பாலிஸிகளில் இந்தச் சலுகை கிடையாது. அதைப் பின்னால் விளக்குவோம்.

எந்த ஆபத்துக்கு ஈடு?

வீட்டில் நேரும் எல்லா நஷ்டத்துக்கும் ஈடு கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஆபத்துகளுக்கே ஈடு உண்டு. தீ, இடி மின்னல், வெடிப்பு, பூகம்பம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, காட்டுத்தீ, மரமோ வாகனமோ வந்து மோதுதல், கலகம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நம் நாட்டுக்கு வேண்டிய பட்டியல்தான். 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போது வேதாரண்யம் வட்டாரத்திலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் நேர்ந்தவற்றைப் பார்த்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

பட்டியலில் இல்லாதவற்றையும் நாம் கவனிக்க வேண்டும். கரையான் அரித்தால் ஈடு இல்லை. எலி கடித்தால் ஈடு இல்லை. நாள்பட்ட ஓதத்தால் சுவர் ஊறிப் பெட்டியிலுள்ள துணி பூசணம் பிடித்தால், அது வெள்ளமாகாது. குழித்தறி வைத்திருப்போருக்கு இது நன்றாக விளங்கும். தெருவில் வந்த வெள்ளம் வாசலைத் தாண்டிக் குழியை நிரப்புவது ஒன்று. மழைக்காலத்தில் பூமியிலிருந்து குழிக்குள் நீர் கசிந்து ஊறுவது மற்றொன்று. முன்னதைப் பட்டியலில் காட்டலாம். பின்னதைக் காட்டுவது கடினம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. மின்சாரக் கோளாற்றால் மின்விசிறி மட்டும் கருகிப்போனால் அந்த மின்விசிறிக்கு ஈடு கிடையாது. அதிலிருந்து கிளம்பிய தீ பரவி அலமாரியையும் துணியையும் எரித்தால், பரவிய தீயால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் கம்பெனியோடு சண்டையிட்டுப் பயனில்லை.

திருட்டும் நகையும்

“வீட்டுப் பாலிஸி எடுத்திருக்கிறேன், இனித் திருட்டுப் பயமில்லை” என்று பேசுவோர் பலர். இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறான எண்ணம். முற்கூறிய புயல், வெள்ளம், தீ போன்ற ஆபத்து ஏதேனும் நேர்ந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே இந்த அடிப்படைப் பாலிஸியில் ஈடு கிடைக்கும். வெள்ளத்துக்கு அஞ்சி முகாமுக்குச் சென்றிருக்கையில் வீட்டில் பாத்திரம் களவு போனால் கோரலாம். திருவிழாவுக்குப் போயிருக்கையில் பூட்டை உடைத்துக் கொண்டு போனால் கோர முடியாது. அதற்குத் தனியே திருட்டு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். அதிலும் பூட்டையோ கதவையோ உடைத்துப் புகுந்த அடையாளம் வேண்டும் என்பது வழக்கமான ஷரத்து.

ரொக்கப் பணத்துக்கு ஈடு இல்லை. பட்டா, கிரயப்பத்திரம், பாஸ் புத்தகம் முதலிய தஸ்தாவேஜுகளுக்கும் இல்லை. வாகனங்களுக்கும் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு மோட்டார் பாலிஸிதான். நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் பொதுச் சாமான்களில் சேரா. அவற்றை ‘மதிப்புமிக்க பொருள்கள்’ என்று தனியாகக் குறித்து, மதிப்பை முன்கூட்டியே கம்பெனியுடன் பேசி ஒப்புக்கொண்டு, தனிப் பிரீமியம் செலுத்தினால்தான் ஈடு. பெண்ணின் கல்யாணத்துக்கென்று குருவி சேர்ப்பதுபோல் சேர்த்த நகை பத்திரத்தின் காப்பில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, எந்தத் தாயும் ஏமாறக் கூடாது.

தறியும் நூலும் தானியமும்

இனி, நம் அங்கத்தினர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு நெசவாளர் வீட்டில் இரண்டு சேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று அவருடைய மனைவி தீபாவளிக்கு உடுத்தியது, அலமாரியில் இருக்கிறது. மற்றொன்று தறியில் பாதி நெய்தபடி இருக்கிறது. வெள்ளம் இரண்டையும் நனைத்துவிட்டது. அலமாரியில் இருப்பது உடை. அது வீட்டுச் சாமான். தறியில் இருப்பது சரக்கு; அது வீட்டுச் சாமான் அன்று. ஒரே நூல், ஒரே கை, ஒரே வீடு. ஆயினும் பத்திரத்தின் முன் அவை வெவ்வேறு.

தறியும், ஜக்கார்டும், அச்சும், ராட்டையும் தொழிற் சாதனங்கள். குழித்தறியோ பாதி தரைக்குள் இருக்கிறது. அது சாமானா, கட்டடமா என்பதே வழக்காகலாம். இவற்றை வீட்டுப் பாலிஸி தானாகவே காக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. வீட்டில் தறி ஓடுகிறது என்பதை விண்ணப்பத்தில் ஒளிவு மறைவின்றி எழுதுங்கள். கூரை ஓடா, ஓலையா, தகரமா என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். முக்கியமான விஷயத்தை மறைத்தால், பின்னர் மறைத்ததையே காரணமாகக் காட்டி முழுக் கோரிக்கையையும் மறுக்கக்கூடும். தறிக்கு ஈடு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்டு வாயால் சொன்ன உறுதி, பத்திரத்தில் எழுதப்படாதவரையில் உறுதி ஆகாது.

தொழிற் சாதனத்துக்கும் சரக்குக்கும் வேறு பாலிஸி உண்டு. ஓரிடத்தில் உள்ள மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழில்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிஸியும் அதே 2021 ஏப்ரல் 1-இல் வந்தது. தறி, நூல், நெய்த துணி ஆகியவற்றை இதில் இன்ஷூர் செய்யலாம். ஆனால் இங்கே முன்பு சொன்ன சலுகை முழுமையாக இல்லை. குறைந்த தொகைக்கு இன்ஷூர் செய்திருந்தால், அந்தக் குறைவு 100-க்கு 15 வரையில் இருந்தால்தான் பொறுத்துக்கொள்வார்கள். 1 லட்சம் ரூபாய் சரக்கை 50 ஆயிரத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்து, 40 ஆயிரம் ரூபாய் நஷ்டமடைந்தவருக்கு, விகிதப்படி 20 ஆயிரமே கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க எண்ணி மதிப்பைக் குறைத்து எழுதுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வயலில் நிற்கும் பயிருக்குப் பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டம் இருக்கிறது. அறுத்து வயலிலேயே உலரப் போட்ட சில பயிர்களுக்கும், 14 நாட்கள் வரையில், புயல் மழை, பருவம் தப்பிய மழை, ஆலங்கட்டி மழை போன்றவற்றால் வரும் நஷ்டத்துக்கு அதில் இடமுண்டு. மூட்டை கட்டி வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டால் அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது. வீட்டுப் பாலிஸியோ, குடும்பம் உண்ணும் அரிசிப் பானையைப் பார்க்குமேயன்றி, விற்பனைக்காக அடுக்கிய நெல்லையும் மஞ்சளையும் நிலக்கடலையையும் வீட்டுச் சாமானாக ஏற்பது அரிது. வயலுக்கு ஒரு பத்திரம், வீட்டுக்கு ஒரு பத்திரம் இருந்தும், இரண்டுக்கும் நடுவே விளைச்சல் முழுவதும் காப்பின்றி நிற்கிறது. மாடுகளுக்கும் பம்பு செட்டுக்கும்கூடத் தனித் தனி பாலிஸிகளே உண்டு. விலைக்காகக் காத்திருப்போர் சரக்கைப் பண்டகசாலையில் வைப்பது மேல். அங்கும் இன்ஷூரன்ஸ் உண்டா, எந்த ஆபத்துக்கு என்று ரசீதில் பார்த்தே வைக்க வேண்டும்.

“எனக்குத்தான் நெசவாளர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது உயிருக்கும் விபத்துக்கும் உரியது. குடும்பத் தலைவர் மறைந்தால் உதவும். அவர் உயிரோடிருந்து தறியை இழந்தால் உதவாது. சர்க்கார் நிவாரணமும் இன்ஷூரன்ஸுக்கு ஈடாகாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. அடுப்பு மீண்டும் எரிய அது பெரிதும் உதவிற்று. பட்டுப் பாவுக்கும் ஜரிகைக்கும் அது காணாது.

சங்கம் செய்ய வேண்டியது

இவ்வளவையும் தனி அங்கத்தினர் ஒருவரே அறிந்து, படித்து, வாதாடிச் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. இங்கே சங்கத்துக்கு ஒரு கடமை உண்டு என்பதே நம் அபிப்பிராயம்.

தறியில் ஏறியிருக்கும் நூல் யாருடையது? சங்கத்தின் மூலம் பாவும் ஊடையும் பெற்று, துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கும் அங்கத்தினர் வீட்டில், நூல் சங்கத்தின் சொத்து. அங்கத்தினர் அதன் பொறுப்பாளர். நூல் எரிந்தால் அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படும்? நம் துணைவிதிகளில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறதா? கிடங்கில் இருக்கும் நூலை ஆண்டுதோறும் இன்ஷூர் செய்யும் சங்கம், அதே நூல் வாசலைத் தாண்டி அங்கத்தினர் வீட்டுக்குப் போனவுடன் கையைக் கழுவிக்கொள்ளலாமா? கூடாது என்றே நாம் சொல்வோம். லாபத்தில் பங்குண்டு என்று சொல்லி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளத்தின்போது மட்டும் அவரைத் தனியே நிற்க விடுவது கூட்டுறவாகாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பல இடங்களில் பிரிந்திருக்கும் சரக்கை ஒரே பாலிஸியில் சேர்க்கும் முறை உண்டு, ஃப்ளோட்டர் என்பார்கள். அங்கத்தினர் வீடுகளின் விலாசங்களைக் கொடுத்து, அங்குள்ள நூலையும் சங்கத்தின் பாலிஸியில் சேர்க்க முடியுமா என்று நிர்வாகக் குழு கம்பெனிகளிடம் எழுதிக் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் கிடைக்காத ஷரத்து, இருநூறு பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கக்கூடும். நூல் வழங்கும் புத்தகத்தில் தேதி, எடை, மதிப்பு ஆகியவை அன்றன்றே ஏறியிருந்தால், கோரிக்கையின்போது அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

செலவு யார் தருவது என்று கேட்பார்கள். நஷ்டம் நேராத ஆண்டில் கட்டிய பிரீமியம் வீண் என்று வாதிப்போரும் இருப்பார்கள். வீண் என்று நாம் எண்ணவில்லை. இராத்திரியில் காவற்காரனுக்குக் கொடுத்த சம்பளத்தை, திருடன் வரவில்லை என்பதற்காக யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சங்கம் ஒரு பகுதியையும் அங்கத்தினர் ஒரு பகுதியையும் ஏற்கலாம். எந்த விகிதம் என்பதைப் பொதுச்சபை தீர்மானிக்கட்டும். தீர்மானிக்காமல் அடுத்த மழைவரை தள்ளிப்போடுவதுதான் தவறு.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டியவையும் சில உண்டு. வீட்டில் உள்ள பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதி, கைப்பேசியில் ஒவ்வொரு அறையையும் படம் பிடித்து, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் வையுங்கள். வீட்டோடு பட்டியலும் எரிந்தால் யாருக்கு என்ன பயன்? நஷ்டம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் நனைந்த நூலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கம்பெனி மறுத்தால், முதலில் அதனிடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் ஓராண்டுக்குள் செய்ய வேண்டும்.

பத்திரத்தோடு வந்த அந்த அங்கத்தினர் நம் பதிலைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் மூன்று வருஷமாய் நான் கட்டிலைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய பாலிஸி பயனற்றது அன்று, சொன்னதைச் செய்யும். அது சொல்லாததை நாம்தான் வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும். மழை தொடங்குமுன் நிர்வாகக் குழு ஒரு நாள் மாலை அங்கத்தினர்களைக் கூட்டி, அவரவர் பத்திரத்தைக் கொண்டுவரச் செய்து, படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு ஷரத்து ஷரத்தாக உரக்க வாசிக்கச் செய்யட்டும். நூலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அதே கூட்டத்தில் எழுப்புங்கள். விடை கிடைக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம்.